லாக், எக்செப்ஷன், ஸ்டாக் டிரேஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாலைந்து பேர் கூடுவார்கள். சேலம், விருதுநகர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே முதல் வேலையில் சேர்ந்த பிள்ளைகள். வாடகை, முன்பணம், ஊருக்குப் போகும் பஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு வேலைக் கேள்விகள் வரும். அவற்றில் பாதி லாக் பற்றியவை, அதாவது நிரல் ஓடும்போது நடப்பதை அதுவே வரி வரியாக எழுதிவைக்கும் பதிவு பற்றியவை. எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை இதைக் கையில் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாக இட்லி சாப்பிடலாம் என்று தோன்றியது.

நிரல் ஓடும்போது ஏதோ தவறாகி வழக்கமான ஓட்டம் முறிவதுதான் எக்செப்ஷன். அதற்கு 'விதிவிலக்கு' என்று தமிழ்ச்சொல் இருக்கிறது. நல்ல சொல்தான். ஆனால் அலுவலகத்தில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆகவே எக்செப்ஷன் என்றே எழுதுகிறேன்.

எக்செப்ஷன் வந்தால் நிரலே கத்திக்கொண்டு நின்றுவிடுமே. நான் ஏன் தனியாக லாக் எழுத வேண்டும்?

உங்கள் மடிக்கணினியில் கத்தும். சர்வரில் கேட்க ஆள் இல்லை. சில இடங்களில் அது கத்துவதுகூட இல்லை.

2019 பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அப்போது நான் பஸ் டிக்கெட் முன்பதிவு செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் இருந்தேன். ஒருவர் இருக்கையைத் தேர்ந்தெடுத்தால் அதைப் பத்து நிமிடம் அவருக்காகப் பிடித்து வைப்போம். அவர் பணம் கட்டாமல் போய்விட்டால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் பின்னணி வேலை ஒன்று அந்த இருக்கையை விடுவிக்கும். அன்று மாலை நான்கு மணிக்கே மதுரை, நாகர்கோவில் பஸ்கள் நிரம்பிவிட்டதாகத் திரை காட்டியது. பொங்கல் கூட்டம் என்று நாங்களும் மகிழ்ந்துபோனோம். ஏழு மணிக்கு மடிவாளாவிலிருந்து பஸ்காரர் ஒருவர் போனில் வந்தார். "பாதி வண்டி காலியாக நிற்கிறது. ஊருக்குப் போக சாலை முழுக்க ஜனங்கள் பையோடு நிற்கிறார்கள். உங்கள் கணினி மட்டும் ஏன் இடமில்லை என்கிறது?"

விடுவிக்கும் வேலை பிற்பகலிலேயே செத்துப்போயிருந்தது. லாக்கில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஜாவாவின் ஷெட்யூல்டு எக்சிகியூட்டரிடம் 'இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை இதை ஓட்டு' என்று கொடுத்த வேலை ஒரே ஒருமுறை எக்செப்ஷன் எறிந்தாலும், அதற்கப்புறம் வர வேண்டிய சுற்றுகள் அனைத்தும் ரத்தாகிவிடும். அந்த எக்செப்ஷன் ஃபியூச்சர் என்ற பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்; யாராவது அதைத் திறந்து கேட்டால்தான் வெளியே வரும். நாங்கள் கேட்கவில்லை. ஜாவாவின் ஆவணத்தில் இது தெளிவாக எழுதியிருப்பதை மறுநாள்தான் படித்தேன்.

மெசேஜை மட்டும் எழுதினால் போதாதா? ஸ்டாக் டிரேஸ் (எக்செப்ஷன் வந்த வழியைக் காட்டும் பட்டியல்) ஐம்பது வரி நீள்கிறதே.

அதே இரவு நானும் இப்படித்தான் நினைத்தேன். அவசர அவசரமாக அந்த வேலையைச் சுற்றி ஒரு கேட்ச் (எக்செப்ஷனைப் பிடிக்கும் பகுதி) போட்டு, எக்செப்ஷனின் மெசேஜை மட்டும் லாக்கில் எழுதும்படி மாற்றினேன். எட்டு மணிக்குப் புதிய பதிப்பு சர்வரில் ஏறியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லாக்கில் இந்த வரி வந்தது:

இருக்கை விடுவிப்பு தோல்வி: நல்

நல் (null) என்றால் எதுவும் இல்லாத வெற்று மதிப்பு. தமிழில் எழுதினால் ஏதோ நல்ல சேதிபோல இருக்கிறது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் வைத்திருந்தது ஜாவா 8. அதில் நிரலை இயக்கும் வெர்ச்சுவல் மெஷினே எறியும் நல் பாயிண்டர் எக்செப்ஷனுக்கு மெசேஜ் என்று எதுவும் கிடையாது. எந்த மாறி நல்லாக இருந்தது என்று அதுவே சொல்லும் வசதி 2020இல் ஜாவா 14இல்தான் வந்தது. தானாகவே இயங்குவது ஜாவா 15இலிருந்து. அந்த வசதி இருந்தாலும், அந்த வரிக்கு யார் எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்பது மெசேஜில் இருக்காது.

மற்ற மொழிகளும் இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. பைத்தானில், தேடிய சாவி (கீ) இல்லாதபோது வரும் கீ எரரை எழுத்தாக மாற்றினால் தொலைந்த சாவியின் பெயர் மட்டும் மேற்கோள் குறிக்குள் வரும். அது பிழை என்பதற்கான அடையாளமே இருக்காது. ஜாவாஸ்கிரிப்டில் எரர் பொருளை ஜேசானாக (தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) மாற்றிப் பாருங்கள்: திறக்கும் நெளிவு அடைப்பு, மூடும் நெளிவு அடைப்பு, நடுவில் ஒன்றுமில்லை. மெசேஜும் ஸ்டாக்கும் அந்த மாற்றத்தின் கண்ணில் படாத வகைப் பண்புகள் என்பதால் இப்படி. பெரிய லாக் சேகரிப்பு அமைப்புகளிலேயே இந்த வெற்று அடைப்புகள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்பதரை மணிக்குத்தான் முழு எக்செப்ஷனையும் லாகரிடம் (லாக் எழுதும் கருவி) கொடுக்கும்படி மாற்றினேன். அடுத்த சுற்றிலேயே ஸ்டாக் டிரேஸ் வந்து விழுந்தது. அன்று மதியம் பண்டிகைக்கென்று புதிதாகச் சேர்த்த ஸ்லீப்பர் பஸ் ஒன்றுக்கு மேல் படுக்கையின் அமைப்பை யாரோ நிரப்பாமல் விட்டிருந்தார்கள். காரணம் தெரிந்த பிறகு சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மடிவாளாவில் அதற்குள் பல வண்டிகள் கிளம்பிவிட்டன.

ஸ்டாக் டிரேஸை எங்கிருந்து படிப்பது?

எக்செப்ஷன் பிறந்த நொடியில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசைதான் ஸ்டாக் டிரேஸ். கோப்பின் பெயரும் வரி எண்ணும் கூடவே வரும்.

ஜாவாவில் முதல் வரியில் எக்செப்ஷனின் வகை. அதற்குக் கீழே எறிந்த இடம். கீழே போகப் போக அழைத்தவர், அவரை அழைத்தவர். பைத்தானில் தலைகீழ். கடைசி அழைப்பு கடைசியில் வரும், எக்செப்ஷன் ஆக அடியில் இருக்கும். ஜாவாவிலிருந்து பைத்தானுக்கு மாறியவர்கள் முதல் வாரம் தவறான முனையையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். நானும் முறைத்தேன்.

ஜாவாவில் 'காஸ்டு பை' என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். ஒரு எக்செப்ஷனை இன்னொன்றுக்குள் சுற்றி எறிந்தால் அதன் மூலம் அங்கே இருக்கும். இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று நான்கு வரலாம். பெரும்பாலும் கடைசியில் இருப்பதுதான் அடுப்பு. எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும். அதன் அடியில் மூன்று புள்ளிகளும் '23 மோர்' என்பதுபோல ஒரு வரியும் வந்தால் பதறாதீர்கள், எதுவும் தொலைந்துவிடவில்லை. அந்த 23 வரிகளும் மேலே ஏற்கெனவே அச்சானவை என்று பொருள்.

இன்னொன்று: ஐம்பது வரிகளில் நாற்பது வெப் ஃப்ரேம்வொர்க்குடையதாக இருக்கும். உங்கள் நிறுவனத்தின் பேக்கேஜ் பெயர் முதலில் எங்கே வருகிறதோ அங்கே கண்ணை நிறுத்துங்கள்.

'எதிர்பாராத' எக்செப்ஷன் என்று எதைச் சொல்வது?

பயனர் தவறான தேதியைக் கொடுத்தார், அட்டையில் பணம் இல்லை, இருக்கையை வேறொருவர் முந்திக்கொண்டார் என்பவை எல்லாம் தொழிலின் அன்றாடம். லாக் வரிகளுக்கு அவற்றின் தீவிரத்தைச் சொல்லும் நிலைகள் உண்டு. அன்றாட விஷயங்களுக்குத் தகவல் நிலையில் ஒரு வரி போதும். ஸ்டாக் டிரேஸ் வேண்டாம். இந்த நிலை வரவே வராது என்று நம்பி நீங்கள் எழுதிய இடத்தில் அது வந்து நின்றால் அது எதிர்பாராதது. அதற்கு எரர் நிலை, முழு டிரேஸ்.

இந்த இரண்டையும் கலந்தால் என்ன ஆகும் என்றால், தவறான ஓடிபிக்கெல்லாம் எரர் என்று சிவப்பாக வரும். மூன்றே வாரத்தில் அணியில் எவரும் சிவப்பை மதிக்க மாட்டார்கள்.

சரியாக எழுதுவது எப்படி?

எக்செப்ஷனை எழுத்தாக மாற்றாமல் பொருளாகவே லாகரிடம் கொடுங்கள். ஜாவாவில் எஸ்எல்எஃப்4ஜே என்ற லாக் நூலகத்தைப் பயன்படுத்தினால் கடைசி ஆர்க்யுமெண்டாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மெசேஜுக்குள் இடம்பிடிக்கும் {} அடைப்பு போடக் கூடாது. போட்டால் சில நூலகங்களில், சில பதிப்புகளில் அது வெறும் எழுத்தாக மாறி, டிரேஸ் போய்விடும். கூட்டல் குறியால் மெசேஜோடு ஒட்டினால் டிரேஸ் எப்போதும் போய்விடும். பைத்தானில் எக்செப்ட் பகுதிக்குள் (அங்கே கேட்சின் பெயர்) நின்றுகொண்டு லாகரின் 'எக்செப்ஷன்' மெத்தடை அழைத்தால் டிரேஸ் தானாகச் சேரும். 'எரர்' மெத்தடை அழைத்தால் சேராது. அங்கே எக்ஸ்க்_இன்ஃபோ என்பதை ட்ரூ என்று கொடுக்க வேண்டும்.

ஜாவாவில் பிரிண்ட்ஸ்டாக்டிரேஸ் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அது எரர் ஸ்ட்ரீமில் போய் விழும். நேரம், நிலை, த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) பெயர் எதுவும் இல்லாமல், உங்கள் லாக் கோப்புக்கு வெளியே எங்கோ கிடக்கும்.

டிரேஸ் எங்கே என்று சொல்லும். யாருக்கு, எதன்மேல் என்று சொல்லாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். 'பிழை ஏற்பட்டது' என்பது வரியே இல்லை. 'இருக்கை விடுவிப்பு தோல்வி, பஸ் எண் இது, முன்பதிவு எண் இது, இத்தனையாவது முயற்சி' என்பது வரி. அந்த நிரலை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் படிக்கப்போகிறார் என்று எண்ணி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஒருவர் நீங்களாகவே இருப்பீர்கள்.

எந்த இடத்தில் பிடித்து லாக் செய்வது? ஒவ்வொரு ஃபங்ஷனிலும் போடலாமா?

வேண்டாம். பிடித்து, லாக் செய்து, மறுபடி எறிந்து, மேலே இன்னொருவர் பிடித்து, அவரும் லாக் செய்து எறிவது நம் ஊர்ப் பழக்கமாகவே ஆகிவிட்டது. சில்க் போர்டு சந்திப்பில் ஓர் ஆட்டோ கவிழ்ந்ததை ஐந்து பேர் தனித்தனியாகப் போலீசுக்குச் சொன்னால் ஐந்து ஆட்டோ கவிழ்ந்ததாகக் கணக்கு ஏறும். அதுதான் லாக்கிலும் நடக்கும்.

உங்களால் ஏதாவது செய்ய முடியுமென்றால் பிடியுங்கள். கூடுதல் விவரம் சேர்க்க முடியுமென்றால் மூலத்தை உள்ளே வைத்துச் சுற்றி எறியுங்கள், லாக் செய்யாதீர்கள். இரண்டும் இல்லையென்றால் தொடவே வேண்டாம். விளிம்பில் ஒருவர் காத்திருக்க வேண்டும்: வெப் கோரிக்கை உள்ளே நுழையும் இடம், பின்னணி வேலையின் ஆகமேல் அடுக்கு, வரிசையிலிருந்து செய்தியை எடுக்கும் சுழற்சி, த்ரெட்டின் தொடக்கம். அங்கே ஒருமுறை, முழுதாக.

காலி கேட்ச் பற்றி ஒரு வார்த்தை. எக்செப்ஷனைப் பிடித்து உள்ளே ஒன்றும் எழுதாமல் மூடுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது. நிரல் செத்திருந்தால்கூட யாராவது வந்து பார்ப்பார்கள். இங்கே அது தவறான தரவோடு சிரித்துக்கொண்டே ஓடும். நிரல் மறுபரிசீலனையில் நான் கடுமையாகப் பேசும் ஒரே இடம் இதுதான் என்று எங்கள் அணியில் சொல்வார்கள்.

யாருமே பிடிக்காத எக்செப்ஷனுக்கு என்ன வழி?

மொழிகள் கடைசி வலை ஒன்றை வைத்திருக்கின்றன. ஜாவாவில் த்ரெட்டுக்கான இயல்பு அன்காட் எக்செப்ஷன் ஹேண்ட்லர். பைத்தானில் சிஸ் மாட்யூலின் எக்செப்ட்ஹுக், கூடுதல் த்ரெட்டுகளுக்கு 3.8 பதிப்பிலிருந்து த்ரெடிங் மாட்யூலில் தனியாக ஒன்று. நோட் ஜேஎஸ்ஸில் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) அன்காட்எக்செப்ஷன், அன்ஹேண்டில்டு ரிஜெக்ஷன் நிகழ்வுகள். நோட் 15 பதிப்பிலிருந்து கவனிக்கப்படாத ரிஜெக்ஷன் (பிறகு முடியும் என்று விட்ட வேலையின் தோல்வி) நிரலையே நிறுத்திவிடும். முன்பு ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். மாற்றத்தைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு இதுதான் சரி.

ஆனால் இந்த வலையில் எல்லாம் விழாது. பொங்கல் கதையில் வந்த எக்செப்ஷன் ஃபியூச்சருக்குள் பிடிபட்டுவிட்டதால் ஹேண்ட்லர் இருந்திருந்தாலும் அதற்குத் தெரிந்திருக்காது. த்ரெட் பூலுக்கு (வேலைகளை ஓட்டும் த்ரெட்டுகளின் தொகுப்பு) கொடுக்கும் வேலைக்குள்ளேயே, அதன் ஆக வெளி அடுக்கில், உங்கள் கேட்ச் இருக்க வேண்டும். மற்றொன்று, ஜாவாவில் எக்செப்ஷன் வகையை மட்டும் பிடித்தால் நினைவகம் தீர்ந்துபோவது போன்ற எரர் வகைகள் நழுவிவிடும். விளிம்பில் மட்டும் த்ரோவபிள் வரை பிடித்து எழுதிவிட்டு, நிரலை நிறுத்துவதா என்று முடிவு செய்யுங்கள்.

எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் டிரேஸ் வரவில்லை. ஏன்?

நல்ல கேள்வி. அடிக்கடி நடப்பது மூன்று.

ஜாவாவின் ஹாட்ஸ்பாட் எனும் வெர்ச்சுவல் மெஷின், ஒரே இடத்தில் நல் பாயிண்டர் போன்ற எக்செப்ஷன் மீண்டும் மீண்டும் வந்தால், வேகத்துக்காக டிரேஸ் இல்லாத ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப எறியத் தொடங்கும். லாக்கில் வகையின் பெயர் மட்டும் தனியாக நிற்கும். பழைய லாக்கில் பின்னோக்கிப் போங்கள். முதல் சில தடவைகளில் முழு டிரேஸ் இருக்கும். இதை அணைக்க ஓமிட்ஸ்டாக்டிரேஸ்இன்ஃபாஸ்ட்த்ரோ என்ற அமைப்புக்கு முன் கழித்தல் குறி போட்டு நிரலைத் தொடங்க வேண்டும்.

சி ஷார்ப்பில் கேட்சுக்குள் வெறும் 'த்ரோ' என்று எழுதினால் பழைய டிரேஸ் அப்படியே இருக்கும். 'த்ரோ'வுக்குப் பக்கத்தில் எக்செப்ஷன் மாறியின் பெயரையும் எழுதினால் அந்த வரியிலிருந்து டிரேஸ் புதிதாகத் தொடங்கிவிடும். ஒரு சொல்தான் வித்தியாசம்.

மூன்றாவது, வெளியீட்டுக்காகச் சுருக்கிய ஜாவாஸ்கிரிப்டும் ஆண்ட்ராய்டு செயலியும். டிரேஸ் வரும், ஆனால் ஃபங்ஷன் பெயரெல்லாம் ஓரெழுத்தாக இருக்கும். சுருங்கிய பெயரை மூலப் பெயரோடு இணைக்கும், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் உரிய சோர்ஸ் மேப், மேப்பிங் கோப்புகளைப் பத்திரமாக வைத்தால்தான் திரும்பப் படிக்கலாம்.

பயனருக்கு ஸ்டாக் டிரேஸைக் காட்டலாமா?

கூடாது. உள்கோப்புகளின் பாதை, நூலகங்களின் பெயர், சில சமயம் எஸ்க்யூஎல் (தரவுத்தளக் கட்டளை) வரிகூடத் தாக்க வருபவர் கைக்குப் போகும். மன்னிப்பு ஒரு வரி, குறிப்பு எண் ஒன்று. அதே எண் லாக்கிலும் இருக்கட்டும். வாடிக்கையாளர் போன் செய்து எண்ணைச் சொன்னால் நேராக அந்த டிரேஸுக்குப் போகலாம்.

லாக்கில் எழுதக் கூடாதவை எவை?

கடவுச்சொல், ஓடிபி, அட்டை எண், சிவிவி, ஆதார் எண், அமர்வு டோக்கன். நாம் நேராக எழுதாவிட்டாலும், கோரிக்கையை அப்படியே முழுதாக லாக் செய்யும் வரியோ, எக்செப்ஷன் மெசேஜுக்குள் ஒட்டிக்கொண்டு வரும் மதிப்போ காட்டிக்கொடுத்துவிடும்.

பயனர் தந்த எழுத்தை நம்பாதீர்கள். புதுவரிக் குறியை நுழைத்துப் பொய்யான லாக் வரியை உருவாக்கலாம். அதைவிடப் பெரிய பாடம் 2021 டிசம்பரில் வந்தது. ஜாவாவின் லாக்4ஜே 2 என்ற லாக் நூலகத்தின் அன்றைய பதிப்புகள் லாக் செய்யப்படும் எழுத்துக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு வெளிச் சர்வரைத் தொடர்புகொண்டன. அங்கிருந்து நிரலை வரவழைத்து இயக்க முடிந்தது. லாக்4ஷெல் என்று பெயர், அபாய மதிப்பீடு பத்துக்குப் பத்து. தேடல் பெட்டியில் ஒரு வரி தட்டச்சு செய்து, அது லாக்கில் ஏறினாலே போதுமாக இருந்தது. அந்த வாரக் கடைசியில் ஐடி அலுவலகங்கள் நிற்கும் அவுட்டர் ரிங் ரோட்டில் எத்தனை மாடிகளில் விளக்கு எரிந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

லாக்கை எத்தனை நாள் வைத்திருப்பது?

இந்தியாவில் கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் லாக்கை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. கடிகாரத்தைப் பொது நேரத்தோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. நேரத்தை எழுதும்போது மண்டலத்தையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு சர்வர் இந்திய நேரத்திலும் இன்னொன்று யூடிசியிலும் (உலகப் பொது நேரம்) எழுதினால், ஐந்தரை மணி நேர இடைவெளியில் காரணம் விளைவுக்குப் பின்னால் நடந்ததாகத் தெரியும்.

ஒரே எக்செப்ஷன் லட்சம் முறை வந்து வட்டு நிறைந்தால்?

கோப்பைச் சுழற்றுங்கள், அளவுக்கு வரம்பு வையுங்கள். முதலில் வருவதை முழுதாக எழுதி, பிறகு வருபவற்றை எண்ணிக்கையாக எழுதலாம். மறுமுயற்சிச் சுழற்சிக்குள் இடைவெளி இல்லாமல் எரர் எழுதுவதுதான் பெரும்பாலும் வட்டை நிரப்பும் குற்றவாளி; முதலில் அங்கே பாருங்கள்.

பிழைத் தகவல் எழுதுவதே பிழையாகுமா?

ஆகும். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம் சுமார் நாற்பது நொடியில் முடிந்தது. அதன் வழிகாட்டும் கணினியில் 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது எண் கொள்ளாமல் எக்செப்ஷன் வந்தது. அதைக் கையாள அங்கே நிரல் இல்லை. மாற்றுக் கணினியும் அதே காரணத்தால் சற்று முன்பே நின்றிருந்தது. இதுவரை பலருக்குத் தெரியும். அடுத்து நடந்ததுதான் நம் கேள்விக்கு விடை: நின்றுபோன கணினி தன் நிலையைச் சொல்லும் பிழைத் தகவலை அனுப்பியது; முதன்மைக் கணினி அதைப் பயணத்தைப் பற்றிய தரவு என்று எண்ணி, எஞ்சின் முனைகளை முழுதாகத் திருப்பியது. பிழைச் செய்தி சரியாகப் பிறந்தது, தவறான வாசலில் போய் நின்றது.

நம் அளவில்: கேட்சுக்குள் லாக் வரியை எளிமையாக வையுங்கள். அங்கே தரவுத்தளத்தைக் கேட்டு விவரம் சேர்க்கப் போனால், தரவுத்தளம் விழுந்த நாளில் அந்த வரியும் விழும். முதல் எக்செப்ஷனை இரண்டாவது மூடிவிடும்.

லாக்கைத் தமிழில் எழுதலாமா?

ஆசைதான். எங்கள் அணியில் கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுபவர்கள் இருக்கிறார்கள், ஆகவே எழுதுவதில்லை. மேலே தமிழில் காட்டிய வரிகளும் உங்களுக்காக மாற்றியவையே. ஆனால் பயணியின் பெயர் தமிழில் வந்தால் லாக்கில் கேள்விக்குறிகளாக மாறக் கூடாது. கோப்பின் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்பதை வெளிப்படையாகக் குறித்துவிடுங்கள்.

எங்கள் நிரல் எல்லாவற்றையும் ஒழுங்காக லாக் செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சோதனைச் சர்வரில் வேண்டுமென்றே எக்செப்ஷன் எறிந்து பாருங்கள். வெப் கோரிக்கையில் ஒன்று, ஒவ்வொரு பின்னணி வேலையிலும் ஒன்று, செய்தி வரிசையில் ஒன்று, நிரல் தொடங்கும் இடத்தில் ஒன்று. பிறகு லாக்கைத் திறந்து வகை, முழு டிரேஸ், மூலக் காரணம், முன்பதிவு எண் நான்கும் இருக்கின்றனவா, எச்சரிக்கை யாருடைய போனுக்காவது வந்ததா என்று பாருங்கள். எங்கள் அணி பொங்கல் விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை இதைச் செய்தது. இருந்த ஆறு பின்னணி வேலைகளில் மேலும் இரண்டு சத்தமில்லாமல் செத்தன. அவற்றில் ஒன்று, ரத்தான டிக்கெட்டுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பும் வேலை.